குழந்தைகள் கைக்கு எட்டாத இடம்

ஆலங்கிணறு சமுதாயக் கல்லூரியில் மருந்தக உதவியாளர் படிப்புக்கு அந்த வருஷம் நாலு பேர்தான் சேர்ந்தார்கள். அந்த நாலு பேரைப் போலக் கவனமாகப் பாடம் கேட்டவர்கள் அதற்கு முன்னால் அங்கே இருந்ததில்லை. அதற்குப் பின்னால் அந்தப் படிப்பே அங்கே இருக்கவில்லை.

கல்லூரி என்றதும் பெரிதாக எதையும் நினைத்துக்கொள்ள வேண்டாம். பழைய தீப்பெட்டிக் கம்பெனிக் கட்டடத்துக்கு வெள்ளையடித்து, தையலுக்கு ஒரு அறை, கம்ப்யூட்டருக்கு ஒரு அறை, மருந்துக்கு ஒரு அறை என்று பிரித்துவிட்டிருந்தார்கள். மருந்து அறையில் ஒரு அலமாரி, ஒரு மேசை, சில நாற்காலிகள், உயரத்தில் ஒரு பரண், அதில் ஏற ஒரு ஏணி. அலமாரியில் உண்மையான மருந்து கிடையாது. காலி அட்டைப்பெட்டிகளும் கலர்த் தண்ணீர் ஊற்றிய பாட்டில்களும்தான்.

நாலு பேரில் தவசிலிங்கம்தான் நம்முடைய ஆள். முப்பது தாண்டியவன். முன்பு பந்தல்காரர் ஒருவரிடம் வேலை பார்த்தான். ஒரு கல்யாண வீட்டில் முதலாளி, “நான் சொல்லுற வரைக்கும் இந்தக் கம்ப விட்டுராத” என்று சொல்லிவிட்டுச் சாப்பிடப் போனார். கல்யாணம் முடிந்தது. பந்தலைப் பிரித்தார்கள். தவசிலிங்கம் கம்பைப் பிடித்தபடியே நின்றான். முதலாளி தூங்கப் போய்விட்டதால் கம்போடு சேர்த்து அவனையும் லாரியில் ஏற்றினார்கள். அதோடு அந்த வேலை முடிந்தது.

கல்லூரியில் சேர வந்த அன்று காவலாளி, “இடது பக்கம் போங்க” என்றார். இடது பக்கம் முதல் அறை தையல் அறை. தவசிலிங்கம் உள்ளே போய் உட்கார்ந்தான். பாவாடைக்கு நாடா கோர்க்கக் கொடுத்தார்கள். கோர்த்தான். மருந்துப் படிப்பில் முதலில் நாடாதான் போலிருக்கிறது என்று நினைத்துக்கொண்டான். அந்த வாரக் கடைசியில் பக்கத்து மிஷினில் தைத்துக்கொண்டிருந்த வடிவு கேட்டாள்.

“அண்ணாச்சி, நீங்க எதுக்கு வந்தீங்க?”

“மருந்து படிக்க.”

“அது அடுத்த ரூம்ல்லா?”

“இடது பக்கம்னுதான் சொன்னாரு. எத்தனாவது ரூம்னு சொல்லல.”

வடிவு மிஷினை நிறுத்தினாள். பிறகு பக்கத்துப் பெண்ணிடம் சொன்னாள்: “சொன்னதக் கேக்குற ஆம்பளைய இப்பத்தான்டி நேர்ல பாக்கேன்.” மறுவாரமே அவனுக்கு ஒரு வெள்ளைக் கோட்டு தைத்துக் கொடுத்தாள். அதற்குப் பின் ‘அண்ணாச்சி’ என்று கூப்பிடுவதை நிறுத்திவிட்டாள்.

வடிவின் அப்பா சங்கரபாண்டியன் ஓய்வுபெற்ற பஸ் கண்டக்டர். சர்வீஸில் இருந்த காலத்தில் ஒரு மருந்துக்கடையில் ரத்தக்கொதிப்பு மாத்திரைக்குப் பதிலாகத் தூக்க மாத்திரையைக் கொடுத்துவிட்டார்கள். அன்றைக்கு அவர் கடைசி சீட்டில் தூங்கிப்போனார். விசில் வரும் வரும் என்று டிரைவர் காத்திருந்ததில் பஸ் அந்த நிறுத்தத்தைவிட்டுச் சாயங்காலம் வரை நகரவில்லை. அதிலிருந்து, சரியான மாத்திரையை எடுத்துக் கொடுக்கிற ஒரு ஆள் நம் குடும்பத்திலேயே வேண்டும் என்று முடிவுக்கு வந்திருந்தார்.

“பொண்ணத் தாரேன். ஆனா நீ வெள்ளைக் கோட்டு போட்டு மருந்துக்கடையில நிக்கத நான் என் கண்ணால பாக்கணும்,” என்றார். “ஒரு நாள் வருவேன். என்னைக்குன்னு சொல்ல மாட்டேன். செக்கிங் இன்ஸ்பெக்டரு சொல்லிட்டா வருவாரு?”

எனவே தவசிலிங்கத்துக்குப் படிப்பு என்பது வடிவு. பாஸானால் வடிவு, இல்லையென்றால் கம்பு.

*

பாடம் நடத்தியவள் உமையாள் டீச்சர். மருந்தியல் படித்து முடித்த கையோடு வேலைக்கு வந்தவள். நாலு மாணவர்களும் அவளைவிட வயதில் மூத்தவர்கள். முதல் பாடமாக மருந்தை எப்படிப் பத்திரப்படுத்துவது என்று சொன்னாள். ஈரம் ஆகாது, வெயில் படக்கூடாது, காற்றோட்டம் வேண்டும், குழந்தைகள் கைக்கு எட்டாத இடமாக இருக்க வேண்டும்.

“நான் ஆபீஸ் வரைக்கும் போயிட்டு வரேன். அதுக்குள்ள எல்லாத்தையும் அப்படி அடுக்கி வைங்க,” என்று போனாள்.

நாலு பேரும் அலமாரி முன்னால் கூடினார்கள். எஸ்தர்ராணி எதையும் பேசித் தீர்மானித்துவிட்டுத்தான் செய்வாள்.

“மொதல்ல இது குழந்தைக்கு எட்டுதான்னு பாக்கணும்,” என்றாள்.

குழந்தைக்கு எங்கே போவது? நாகூர்மீரான் நாலு பேரில் குட்டை. அவனைக் குந்தி உட்காரச் சொன்னார்கள். உட்கார்ந்து கையை நீட்டினான்.

“கீழ்த்தட்டு எட்டுது,” என்றான்.

“மேல்தட்டு?”

“நாற்காலி போட்டா எட்டும்.”

“குழந்தை நாற்காலி போடுமா?” என்று தவசிலிங்கம் கேட்டான்.

“எங்க வீட்டுப் புள்ள கட்டிலையே இழுத்துட்டு வரும்,” என்றான் நாகூர்மீரான். அவன் ஒருவன்தான் அவர்களில் கல்யாணமானவன், அதனால் அவன் சொன்னதை ஏற்றுக்கொண்டார்கள்.

பாட்டில்களும் பெட்டிகளும் பரணுக்குப் போயின. வெயிலுமுத்து நல்ல உயரம். அவன் மேலே நின்று வாங்கி வைத்தான். நாற்காலி இருந்தால் குழந்தை ஏறும் என்பதால் நாற்காலிகளும் போயின. நாற்காலி இல்லையென்றால் மேசையில் ஏறும் என்று மேசையும் போனது. அப்போது எஸ்தர்ராணி ஏணியைப் பார்த்தாள்.

“ஏணி ஒண்ணு நிக்கே. குழந்தை ஏணியில ஏறாதா?”

எல்லாரும் ஏணியைப் பார்த்தார்கள். இவ்வளவு பெரிய ஆபத்தை இவ்வளவு நேரம் பக்கத்திலேயே வைத்துக்கொண்டு வேலை பார்த்திருக்கிறோமே என்று தவசிலிங்கம் ஏணியைவிட்டு விலகி நின்றான். வெயிலுமுத்து ஏணியை மேலே இழுத்துக்கொண்டான்.

உமையாள் டீச்சர் திரும்பி வந்தபோது அறை காலியாக இருந்தது. மூன்று பேர் திருப்தியாக நின்றுகொண்டிருந்தார்கள்.

“சாமானெல்லாம் எங்கண்ணே?”

“எட்டாத எடத்துல இருக்கு டீச்சர்,” என்றான் தவசிலிங்கம்.

“எனக்கே எட்டாதே!”

“டீச்சருக்கே எட்டலன்னா குழந்தைக்கு எப்படி எட்டும்?”

“ஏணி?”

“மேல.”

“வெயிலுமுத்து அண்ணன்?”

“அவரும் மேல.”

பரணிலிருந்து குரல் வந்தது. “இங்க நல்ல காத்தோட்டமா இருக்கு டீச்சர்.”

“ஏணிய இறக்குங்கண்ணே.”

வெயிலுமுத்து தலையை நீட்டிக் கீழே பார்த்தான். “குழந்தை ஒண்ணு நிக்கே டீச்சர்,” என்றான்.

நாகூர்மீரானை வராந்தாவுக்கு அனுப்பிய பிறகுதான் ஏணி இறங்கியது.

*

அதற்கப்புறம் உமையாள் டீச்சர் எதையும் பொதுவாகச் சொல்வதை விட்டுவிட்டாள். விதிகளை ஒவ்வொன்றாகச் சொன்னாள். டாக்டர் சீட்டு இல்லாமல் அலமாரியிலிருந்து எதையும் எடுக்கக் கூடாது. ஒரு சீட்டுக்கு ஒரு தடவைதான் மருந்து; அதே சீட்டைக் காட்டி மறுபடி கேட்டால் கொடுக்கக் கூடாது. காலாவதித் தேதி நெருங்கியதை முன்னால் வைத்து முதலில் அனுப்பிவிட வேண்டும். நிறம் மாறியிருந்தாலோ ஓரம் உதிர்ந்திருந்தாலோ எச்சரிக்கையாக இருக்க வேண்டும். ஒன்றுபோல இருப்பவற்றை அடுத்தடுத்து வைக்கக் கூடாது. கொடுப்பதற்கு முன்னால் இன்னொருவரிடம் காட்டிச் சரிபார்க்க வேண்டும்.

“எல்லாத்தையும் விட முக்கியம், பேர மூணு தடவ வாசிக்கணும்,” என்றாள். “அலமாரியில இருந்து எடுக்கும்போது ஒரு தடவ. அளந்து கொடுக்கும்போது ஒரு தடவ. மிச்சத்தத் திரும்ப வைக்கும்போது ஒரு தடவ. இந்த மூணாவது தடவையத்தான் எல்லாரும் விட்டுருவாங்க. தப்பு அங்கதான் நடக்கும்.”

மூணாவது தடவை என்பது தவசிலிங்கத்தின் மனதில் அப்படியே இறங்கிவிட்டது. வீட்டில் குழம்புச் சட்டியை எடுக்கும்போது “புளிக்குழம்பு” என்றான். ஊற்றும்போது “புளிக்குழம்பு” என்றான். திரும்ப வைக்கும்போது “புளிக்குழம்பு. சரி” என்றான். அவன் அம்மா, மகன் குழம்பைக் குறை சொல்கிறானா பாராட்டுகிறானா என்று தெரியாமல் மறுநாள் ரசம் வைத்தாள். கோவில் வாசலில் செருப்பைக் கழற்றி வைக்கும்போது “செருப்பு. சரி” என்று சொல்லிவிட்டு நகர்வான். பக்கத்தில் நிற்பவர்கள் தங்கள் செருப்பையும் ஒரு தடவை பார்த்துக்கொள்வார்கள்.

வடிவுக்கு அவன் கோட்டைக் கழற்றி ஆணியில் மாட்டுகிற அழகைப் பார்க்க ரொம்பப் பிடிக்கும்.

“கோட்டு. சரி,” என்பான்.

“எல்லாத்துக்கும் இப்படித்தானா?” என்று ஒரு நாள் கேட்டாள்.

“முக்கியமானது எல்லாத்துக்கும்.”

வடிவு தலையைக் குனிந்துகொண்டு பித்தானுக்குக் காஜா எடுத்தாள். அதில் வருங்காலத்துக்கு ஏதும் சங்கதி இருக்கும் என்று அவளுக்கு அப்போது தோன்றவில்லை.

*

படிப்பின் கடைசிக் கட்டம் கடைப் பயிற்சி. பஜாரில் பிரான்சிஸ் அண்ணாச்சியின் மருந்துக்கடையில் நாலு பேரும் நிற்க வேண்டும். தவறான மருந்து எதுவும் கொடுக்கப்படவில்லை என்று அண்ணாச்சி கல்லூரிக்குச் சொன்னால் பாஸ்.

முதல் சில நாள் அண்ணாச்சி அவர்களைத் தூசி தட்ட மட்டும் விட்டார். ஒரு நாள் அவருடைய மச்சினன் வீட்டில் காதுகுத்து. போகாமல் இருக்க முடியாது.

“ஒரு எட்டு போயிட்டு வந்துருதேன்,” என்றார். “ஏய் வெயிலுமுத்து, கல்லாவ விட்டுக் கண்ண எடுக்காத. மத்தவங்க டீச்சர் சொல்லிக்குடுத்தபடி செய்ங்க. புதுசா எதையும் நீங்களா யோசிக்காதிய.”

“யோசிக்க மாட்டோம் அண்ணாச்சி,” என்று எஸ்தர்ராணி உறுதி சொன்னாள்.

வெயிலுமுத்து கல்லாவைப் பார்த்து உட்கார்ந்தான்.

முதலில் ஒருவர் காய்ச்சலுக்குச் சீட்டோடு வந்தார். தவசிலிங்கம் மாத்திரை அட்டையை எடுத்தான், பெயரை வாசித்தான், எஸ்தர்ராணியிடம் காட்டினான். எஸ்தர்ராணி சரி என்றாள். ஆனால் இப்போது அட்டை அவள் கையில் இருந்தது. கொடுப்பதற்கு முன்னால் அவள் இன்னொருவரிடம் காட்ட வேண்டும். நாகூர்மீரானிடம் காட்டினாள். நாகூர்மீரானுக்கு இருந்த இன்னொருவன் வெயிலுமுத்து. அவன் கல்லாவை விட்டுக் கண்ணெடுக்க முடியாது. எனவே நாகூர்மீரான் தவசிலிங்கத்திடம் காட்டினான். தவசிலிங்கம் சரி பார்த்து எஸ்தர்ராணியிடம் நீட்டினான்.

அட்டை இப்படிச் சுற்றிக்கொண்டிருந்தது. காய்ச்சல்காரர் அதைக் கண்ணாலேயே தொடர்ந்து பார்த்து, தலை சுற்றி, ஸ்டூலில் உட்கார்ந்தார். கொஞ்ச நேரத்தில் வியர்த்து, காய்ச்சல் விட்டுப் போனது. நன்றி சொல்லிவிட்டுக் கிளம்பினார்.

“பாத்தியா, முறையாச் செஞ்சா எப்படிக் கேக்குன்னு?” என்றாள் எஸ்தர்ராணி.

அடுத்து மகளிர் சுயஉதவிக் குழுக்காரர்கள் வந்தார்கள். கூட்டம் முடித்து நேராக வந்திருந்தார்கள். எல்லாரும் ஒரே ரோஸ் கலர் சேலை. நாகூர்மீரான் திடுக்கிட்டான்.

“எல்லாம் ஒண்ணுபோல இருக்கே! அடுத்தடுத்து நிக்காங்களே!”

ஒருவரைக் கடை வாசலில் நிறுத்தினார்கள். அடுத்தவரை எதிரே பாத்திரக்கடையில். இன்னொருவரைத் தபாலாபீஸ் பக்கம். குழுத் தலைவியைப் பஸ் ஸ்டாண்டுக்கு அனுப்பினார்கள். “லோன் கேட்டப்பக்கூட இவ்வளவு தூரம் அனுப்பல,” என்று சொல்லிக்கொண்டே அவள் போனாள். போனவள் அப்படியே பஸ் ஏறிவிட்டாள்.

இதற்குள் கடை முன்னால் வரிசை நீண்டுவிட்டது. வரிசையின் கடைசியில், தலைக்கு மை பூசி, சலவைச் சட்டை போட்டு, கையில் மஞ்சள் பையோடு ஒருவர் வந்து நின்றார். தவசிலிங்கம் கோட்டை இழுத்துவிட்டுக்கொண்டான். சங்கரபாண்டியன்.

“எங்க மாமா வந்துருக்காரு,” என்று மெல்லச் சொன்னான். “மாமா ஆகப்போறவரு. இதுல ஏதாவது தப்பாப் போச்சுன்னா எனக்கு வடிவு இல்ல.”

“அப்ப விதியவிட்டு இம்மிகூட நகரக் கூடாது,” என்றாள் எஸ்தர்ராணி. வரிசையை ஒரு முறை முழுவதும் பார்த்தாள். “இந்த வரிசையே தப்பா அடுக்கியிருக்கு.”

“என்ன தப்பு?”

“தேதி நெருங்கினத முன்னால வைக்கணும். இங்க பாரு, முன்னால நிக்கது காலேஜ் பையன். அவனுக்கு இன்னும் எவ்வளவோ நாள் கெடக்கு.”

மூவரும் கவுண்டருக்கு மேலாகத் தலையை நீட்டி ஆட்களை ஒவ்வொருவராகப் பார்த்தார்கள்.

“அட்டைன்னா தேதி அச்சடிச்சிருக்கும். ஆளுக்கு எப்படித் தெரியும்?” என்றான் நாகூர்மீரான்.

“வெளித்தோற்றத்துல மாற்றம் இருந்தா எச்சரிக்கையா இருக்கணும்னு டீச்சர் சொன்னாங்கல்லா? நிறம் மாறியிருக்கா, ஓரம் உதிர்ந்திருக்கா, அதப் பாரு.”

“அந்தச் செவப்புத் துண்டுப் பெரியவரு?”

“அவரு ஓரமெல்லாம் நல்லாத்தான் இருக்கு. அந்தக் கடைசியில நிக்காரே, அவருக்கு நிறம் மாறியிருக்கு. தலையில பாரு, மேல கறுப்பு, அடியில வெள்ளை.”

எஸ்தர்ராணி கை காட்டியது சங்கரபாண்டியனை. தவசிலிங்கம் அந்தத் தலையை மறுபடி பார்த்தான். மாமாவுக்குத் தேதி இவ்வளவு நெருங்கிவிட்டதா? ஆனால் விதி விதிதான். வெளியே போய் அவர் கையைப் பிடித்து வரிசையின் முன்னால் கொண்டுவந்து நிறுத்தினான்.

சங்கரபாண்டியனுக்குப் பெருமை தாங்கவில்லை. திரும்பி வரிசையைப் பார்த்தார். “மாப்பிள்ளை ஆகப்போறவன்,” என்று பொதுவாக அறிவித்தார். பிறகு கேட்டார்: “எதுக்குடே என்னைய முன்னால கூட்டிட்டு வந்த? கடைக்கு அது முறையில்லையே?”

“முறைதான் மாமா. காலாவதி நெருங்கினவங்கள மொதல்ல அனுப்பிரணும்.”

வரிசையில் நின்றவர்கள் ஆளுக்கு ஒரு தடவை தலையைத் தடவிப் பார்த்துக்கொண்டார்கள். கல்லாவைப் பார்த்துக்கொண்டிருந்த வெயிலுமுத்துகூடத் தன் தலையைத் தடவினான்.

“எனக்கா?” என்றார் சங்கரபாண்டியன்.

“ஆமா மாமா.”

“எப்பன்னு தெரியுமா?”

“மாசம் தெரியல ஐயா,” என்றாள் எஸ்தர்ராணி. “ஆனா இந்த வரிசையில உங்களுக்கு முன்னால யாரும் இல்ல.”

சங்கரபாண்டியன் மஞ்சள் பையைக் கவுண்டரில் வைத்தார். கொஞ்ச நேரம் எதிரே இருந்த குளிர்பான விளம்பரத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். தவசிலிங்கம் எல்லாம் போயிற்று என்று நினைத்தான். கண்ணுக்குள் பந்தல் கம்பு வந்து நின்றது.

“எத்தனையோ டாக்டரப் பாத்துட்டேன்,” என்றார் சங்கரபாண்டியன் கடைசியில். தவசிலிங்கத்தின் கையைப் பிடித்துக்கொண்டார். “எல்லாவனும் ஒண்ணுமில்ல, ஒண்ணுமில்லன்னே சொல்லி அனுப்பினான். ஒருத்தன் உண்மையச் சொல்லல. நீ சொல்லிட்ட மாப்ளே.”

அங்கேயே நின்று காலண்டரைக் கேட்டு வாங்கினார். “தேதிக்குள்ள முடிச்சிரணும்,” என்று சொல்லிக்கொண்டே அந்த மாதத்தின் கடைசி முகூர்த்தத்தில் விரலை வைத்தார். மாத்திரை வாங்க மறந்துபோய் வீட்டுக்குப் போனார். வாங்க நினைத்திருந்தாலும் கிடைத்திருக்காது.

பிரான்சிஸ் அண்ணாச்சி திரும்பி வந்தபோது கடையில் எதுவும் விற்றிருக்கவில்லை. ஊருக்குள் ஆங்காங்கே ரோஸ் சேலைகள் நின்றிருந்தன. அண்ணாச்சி மருந்துகளை எண்ணிப் பார்த்தார். நியாயமான மனிதர். தவறான மருந்து எதுவும் கொடுக்கப்படவில்லை என்று கல்லூரிக்குச் சொன்னார். அது உண்மைதான். நாலு பேரும் பாஸானார்கள். உமையாள் டீச்சர் அந்தச் செய்தியைக் கேட்டுவிட்டு மேற்படிப்புக்குப் போய்விட்டாள்.

*

பெண் பார்க்கும் சடங்கு சுருக்கமாக நடந்தது. நடு அறையில் பிரிட்ஜுக்குப் பக்கத்தில் வடிவு காப்பித் தட்டோடு நின்றாள். ஜோசியர் பொருத்தம் எழுதிக் கொடுத்த சீட்டைத் தவசிலிங்கம் வாங்கிப் பார்த்தான். நிமிர்ந்து அவளைப் பார்த்தான்.

“வடிவு,” என்று வாசித்தான்.

பெரியவர்கள் மாப்பிள்ளைக்குப் பெயர் பிடித்திருக்கிறது என்று எடுத்துக்கொண்டார்கள்.

கல்யாணத்தன்று கெட்டிமேளம் முழங்கியது. தவசிலிங்கம் தாலியைக் கையில் எடுத்துக்கொண்டு, “வடிவு” என்று இரண்டாம் தடவை வாசித்தான். உடனே கட்டியிருக்கலாம். ஆனால் கொடுப்பதற்கு முன்னால் இன்னொருவர் சரிபார்க்க வேண்டுமே. திரும்பிப் பார்த்தான். எஸ்தர்ராணி மேடைக்கு வந்து, குனிந்து மணப்பெண் முகத்தைப் பார்த்து, “வடிவு. சரி” என்றாள். அவள் நாகூர்மீரானைக் கூப்பிட்டாள். நாகூர்மீரான் பார்த்துவிட்டு வெயிலுமுத்துவைத் தேடினான். வெயிலுமுத்து பந்தியோரமாகக் கல்லாப்பெட்டியை மடியில் வைத்து அதையே பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தான். கண்ணை எடுக்கலாம் என்று அண்ணாச்சி அவனிடம் சொல்லியிருக்கவில்லை. மொய் எழுதுகிற இடம் அதுதான் என்று நினைத்துப் பலர் அதில் பணம் போட்டுவிட்டுப் போனார்கள்.

மேளக்காரருக்குக் கை ஓயத் தொடங்கியது. நாதஸ்வரக்காரருக்கு முகம் கத்தரிக்காய் நிறமாகிவிட்டது. நாகூர்மீரான் திரும்பவும் தவசிலிங்கத்திடம் வந்தான். தவசிலிங்கம் எஸ்தர்ராணியைப் பார்த்தான்.

வடிவு குனிந்த தலையை நிமிர்த்தினாள்.

“நான்தான் வடிவு. நானே பாத்துட்டேன், சரியாத்தான் இருக்கு. கட்டுங்க,” என்றாள்.

கட்டினான்.

*

மறுவீட்டுக்கு மாப்பிள்ளையும் பெண்ணும் சங்கரபாண்டியன் வீட்டுக்கு வந்தார்கள். விருந்து பலமாக இருந்தது. சாப்பிட்டுக் கை கழுவிய பிறகு தவசிலிங்கம் வடிவைக் கூப்பிட்டான்.

“கொஞ்சம் இங்க வா. பிரிட்ஜுக்குப் பக்கத்துல நில்லு. இன்னும் கொஞ்சம் இந்தப் பக்கம். ம், அங்கதான்.”

வடிவு நின்றாள். தவசிலிங்கம் அவளை உற்றுப் பார்த்தான்.

“வடிவு. சரி,” என்றான்.

அவன் முகத்தில் அன்றைக்கு இருந்த நிம்மதியை அதற்கு முன் யாரும் பார்த்ததில்லை. எல்லாரும் விட்டுவிடுகிற மூணாவது தடவையை அவன் விடவில்லை. செருப்பை மாட்டிக்கொண்டு வாசலுக்கு நடந்தான்.

“மாப்ளே, பொண்ண விட்டுட்டுப் போறீயளே?” என்று சங்கரபாண்டியன் ஓடிவந்தார்.

“திரும்ப வச்சாச்சு மாமா.”

“மறுபடி எப்பக் கூட்டிட்டுப் போவீங்க?” என்றாள் வடிவு, நின்ற இடத்திலிருந்தே.

“சீட்டு வேணுமே.”

“அன்னைக்கு ஜோசியர் குடுத்தாருல்லா?”

“ஒரு சீட்டுக்கு ஒரு தடவைதான் வடிவு. டாக்டர் சீட்டு இருந்தா எடுக்கலாம்.”

வடிவு அப்பாவைப் பார்த்தாள். அப்பா ஏதாவது பேசுவார் என்று நினைத்தாள். அவர் தலையை ஆட்டினார்.

“மாப்ள சொல்லுதது ஞாயம்தான் தாயி. டிக்கெட் இல்லன்னு நான் எங்க அம்மையவே பாதி வழியில இறக்கி விட்டிருக்கேன்.”

சொன்னதைக் கேட்கிற ஆண்பிள்ளை வேண்டும் என்று ஆசைப்பட்டவள் அவள்தான். யாரை நோவது? மறுநாள் காலையிலேயே டாக்டரிடம் போனாள். கூட்டம் அதிகம். டாக்டர் நிமிராமல் எழுதிக்கொண்டிருந்தார்.

“பேரு?”

“வடிவு.”

“என்ன செய்யுது?”

“வீட்டுக்காரரு வேணும் டாக்டர். சீட்டு இல்லாம எடுக்க மாட்டேங்காரு.”

“எத்தனை நாளா?”

“மறுவீட்டுல இருந்து.”

“தூக்கம் வருதா?”

“இல்ல.”

“சரி,” என்று எழுதிக் கொடுத்துவிட்டார்.

அன்று சாயங்காலம் சங்கரபாண்டியன் வீட்டு நடு அறையில் நாலு பேரும் கூடிச் சீட்டைப் பார்த்தார்கள். வெயிலுமுத்து மட்டும் கல்லாவைப் பார்த்தபடி காதால் கலந்துகொண்டான்.

“மேல நோயாளி பேரு எழுதியிருக்கு. வடிவு,” என்றாள் எஸ்தர்ராணி. “கீழ மருந்து. அது ஒரே கோடாப் போகுது, ஒண்ணும் தெரியல. அப்புறம் காலையில ஒண்ணு, ராத்திரி ஒண்ணு. சாப்பாட்டுக்குப் பிறகு. தொடர்ந்து எடுக்கவும்.”

“அப்ப வடிவக் கூட்டிட்டுப் போகலாமா?” என்று தவசிலிங்கம் ஆவலாகக் கேட்டான்.

“எப்படி முடியும்? வடிவு நோயாளி. நோயாளிய யாராவது அலமாரியில இருந்து எடுப்பாங்களா?” எஸ்தர்ராணி வடிவிடம் திரும்பினாள். “டாக்டர்கிட்ட நீ என்ன வேணும்னு கேட்ட?”

“வீட்டுக்காரர் வேணும்னு.”

“அப்ப மருந்து அதுதான்.”

எல்லாரும் தவசிலிங்கத்தைப் பார்த்தார்கள். அவனும் தன்னை ஒரு முறை குனிந்து பார்த்துக்கொண்டான். இத்தனை நாள் தான் எடுத்துக் கொடுக்கிற பக்கத்தில் இருப்பதாக நினைத்துக்கொண்டிருந்தது எவ்வளவு பெரிய பிழை என்று அவனுக்கு விளங்கியது.

“அந்தக் கோடு நீளமா இருக்கு. என் பேரும் நீளம்தானே?” என்றான் நாகூர்மீரான் கவலையோடு.

“நீ ஏற்கெனவே வேற ஒரு வீட்டுல மருந்தா இருக்க. சும்மா இரு,” என்றாள் எஸ்தர்ராணி.

“இவர எங்க வைக்கது?” என்றார் சங்கரபாண்டியன்.

அதற்கு விவாதம் தேவைப்படவில்லை. முதல் பாடமே அதுதான். ஈரம் இல்லாத, வெயில் படாத, காற்றோட்டமான இடம். நடு அறைக்கு மேலே ஒரு பரண் இருந்தது. தவசிலிங்கம் வெள்ளைக் கோட்டை மாட்டிக்கொண்டு ஏறினான். “ஏணிய மேல இழுத்துக்கோடே, மறந்துராத,” என்று வெயிலுமுத்து கல்லாவிடம் சொன்னான்.

அன்றிலிருந்து தவசிலிங்கம் அங்கேதான் இருக்கிறான். காலையில் சாப்பாட்டுக்குப் பிறகு இறங்குகிறான், ராத்திரி சாப்பாட்டுக்குப் பிறகு இறங்குகிறான். மதியம் இறங்குவதில்லை, சீட்டில் மதியம் போடவில்லை. வடிவு அவனை எடுக்கும்போது ஒரு தடவையும், உட்காரவைத்துப் பேசும்போது ஒரு தடவையும், பரணுக்கு ஏற்றும்போது ஒரு தடவையும் பெயரை வாசிக்கிறாள். கடைக்கு வரச் சொல்லி பிரான்சிஸ் அண்ணாச்சி ஆள் அனுப்பவில்லை. கல்லாப்பெட்டியைக் கேட்டுத்தான் அனுப்பியிருந்தார்.

சங்கரபாண்டியனுக்கு ரத்தக்கொதிப்பு மாத்திரையை மருமகன்தான் மேலேயிருந்து கூடையில் இறக்குகிறான். அவர் வாங்கிக்கொண்டு, “இன்னைக்கா மாப்ளே?” என்று கேட்பார். “வரிசை இன்னும் நகரல மாமா,” என்று பதில் வரும். அவர் சாப்பிடப் போய்விடுவார். வரவர அவருக்குச் சதை பிடித்துவிட்டது.

வடிவுக்கு இரண்டு பிள்ளைகள். மருந்து நன்றாகக் கேட்டிருக்கிறது என்றுதான் ஊரில் சொல்கிறார்கள். நடக்கப் பழகியதும் மூத்தவன் அப்பாவைத் தொட வேண்டும் என்று பரணுக்குக் கீழே நாற்காலியை இழுத்துப் போட்டான். அன்றைக்கே நாற்காலி மேலே போனது. இளையவள் கட்டிலை இழுத்துக்கொண்டு வந்தாள். நாகூர்மீரான் சொன்னது சரிதான் என்று தவசிலிங்கம் கட்டிலையும் மேலே வாங்கிக்கொண்டான். பிரிட்ஜைக் கயிறு கட்டித் தூக்க வேண்டியிருந்தது.

போன வாரம் மூத்தவன் தாத்தாவின் தோளில் ஏறி நின்று கையை நீட்டினான். விரல்நுனி கோட்டின் ஓரத்தில் பட்டுவிட்டது. தவசிலிங்கம் பதறிப்போய் ஏணியை இறக்கினான்.

இப்போது சங்கரபாண்டியனும் மேலேதான் இருக்கிறார்.

“இங்க நல்லாத்தான் காத்தோட்டமா இருக்கு மாப்ளே,” என்கிறார்.